ஆம் என்போர்

நான் பேரவை உறுப்பினரான நாளிலிருந்து எனக்கு ஒரு சொல் குறைவு. இ, ல், லை. எழுத்து எழுத்தாகச் சொல்ல அனுமதி உண்டு. சேர்த்துச் சொல்லும் உரிமை உருள்பொருள் உற்பத்தியாளர் சங்கத்திடம் இருக்கிறது. மா, ட், டே, ன் போன்ற கிளைச் சொற்களும் அதில் அடக்கம். மற்றவர்கள் பேச்சில் அவை வந்தால் நான் அப்படியே எழுதலாம். மேற்கோள் குறிக்குள் இருக்கும்வரை அவை அவர்களுடைய சொத்து.

சங்கத்தினர் டயர் செய்கிறவர்கள். என் தொகுதி மலையடிவாரம். அங்கே ரப்பர் மரங்கள்.

தேர்தலுக்கு முந்தைய மாதம் சங்கத்தின் காரியதரிசி சிற்சபேசன் என் வீட்டுக்கு வந்தார். மெலிந்த மனிதர், மெலிந்த குரல். ஜீப்புகள், ஒலிபெருக்கிகள், கூட்டத்துக்கு ஆட்கள், ஆட்களுக்குச் சாப்பாடு, கைத்தட்டல் எல்லாம் தங்கள் பொறுப்பு என்றார். பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"இல்லை," என்றார்.

எதையும் கேட்காமல் கொடுக்கும் மனிதரைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. நன்றி சொன்னேன். அவர் பையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.

"இல்லை ஒன்று. பாதுகாப்புக்காக. தேர்தல் முடிந்ததும் எடுத்துக்கொள்வோம். இங்கே கையெழுத்து."

போட்டேன். பேனா அவருடையது.

அதன் பிறகு வாழ்க்கை பெரிதாக மாறிவிட்டதாகச் சொன்னால் மிகை. என் மனைவி சோற்றுக் கரண்டியோடு வந்து கேட்பாள். நான் ஆம் என்பேன். சட்டைகளெல்லாம் இறுகிப்போயின. ரயிலில் பக்கத்து இருக்கையைக் காட்டி, யாராவது வருகிறார்களா என்று கேட்பார்கள். ஆம் என்பேன். அவர்கள் நின்றுகொண்டே வருவார்கள். அந்த இருக்கை கடைசி ஸ்டேஷன்வரை காலியாகவே வரும்.

ஏழு தீவு நாட்டுடனான வணிக ஒப்பந்தச் சட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்புக்கு வந்தது. அதன் முழுப் பெயரில் என் சொல்லின் உறவு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் தடையற்ற வணிக ஒப்பந்தம் என்று நான் சொல்வேன். அது நிறைவேறினால் தீவுகளின் ரப்பர் வரி கட்டாமல் உள்ளே வரும்.

அன்று காலை உறுப்பினர் விடுதியில் என் அறைக் கதவை ஜெபகனி தட்டினாள். என் தொகுதியில் ஆலம்பாறையைச் சேர்ந்தவள். மூன்று ஏக்கர் ரப்பர். கணவர் தாசையனுக்குப் போன மழையில் சரிவில் விழுந்து முழங்கால் போய்விட்டது. அதிலிருந்து மரத்தில் பால்வெட்டு, பாலை உறையவைத்து ஷீட் அடிப்பது, புகை போடுவது எல்லாம் இவள்தான். இரண்டு பெண்பிள்ளைகள். இரண்டு பஸ், ஒரு ரயில் மாறி வந்திருந்தாள். கையில் குடை. பையில் ஒரு ரப்பர் ஷீட்டைப் பாய்போலச் சுருட்டி வைத்திருந்தாள்.

"அண்ணே, இன்னைக்குத்தானே ஓட்டு?"

"ஆம்."

"தீவு ரப்பர் வந்துட்டா எங்க ஷீட்ட ஒருத்தன் தொட மாட்டான். நீங்க எதிர்த்துத்தானே போடுவிய?"

"ஆம்."

அவள் மூச்சு விட்டாள். குடையைச் சுவரில் சாய்த்தாள். அந்த முகத்தைப் பார்த்து நான் சும்மா இருந்திருக்கலாம்.

"நீ எதைக் கேட்டாலும் நான் இதையேதான் சொல்வேன்," என்றேன்.

அவள் என் வாயையே பார்த்தாள்.

"அப்ப ஆதரிச்சுப் போடுவியளா?"

"ஆம்."

ரசீதை எடுத்துக் காட்டினேன். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படித்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் குடையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"இந்தச் சொல்ல எங்க வச்சிருக்காங்க?"

பேரவைக் கட்டடத்திலேயே, காப்பறையில் வைத்திருந்தார்கள். சங்கத்துக்கு அதனால் வாடகை மிச்சம். வாசலில் காவலர் ஜெபகனியின் பொருள்களைப் பதிவேட்டில் எழுதினார். குடை ஒன்று. கைப்பேசி ஒன்று. ரப்பர் ஷீட் ஒன்று.

"வேறு ஏதும்?"

"இல்ல."

காவலர் பேனாவை மூடினார்.

காப்பறைக்குப் போகும் நடைவழி சென்ற கூட்டத்தொடரில் இருந்ததைவிட நீண்டிருந்தது. ஒவ்வொரு ஒப்பந்தம் நிறைவேறும்போதும் அது கொஞ்சம் நீளும். பொதுப்பணித் துறை வந்து புதிய பகுதிக்கு வெள்ளையடித்துவிட்டுப் போகும். சுவரோரமாக ஆட்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே சிறு பலகைகள். உப்பு ஒப்பந்தம். பால்பொடி ஒப்பந்தம். பூண்டு ஒப்பந்தம்.

"இவங்கல்லாம் யாரு?" என்றாள் ஜெபகனி.

"பார்வையாளர்கள்," என்றேன். பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது.

முக்கால் மணி நேரம் நடந்தோம். காப்பறையில் ஒரு எழுத்தர் அம்மாள் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கூரைவரை அடுக்குகள். ஒவ்வொரு தட்டிலும் உறுப்பினர் பெயர், கொடுத்த சங்கத்தின் பெயர். பிஸ்கட் சங்கம், பருத்தி வணிகர் சங்கம், துறைமுகக் கிடங்கு உரிமையாளர் சங்கம். பெரும்பாலும் எல்லாரும் கொடுத்திருந்தது ஒரே சொல்தான். ஒருவர் மட்டும் 'ஆனால்' கொடுத்திருந்தார்.

"என்ன வேணும்?" என்றார் எழுத்தர்.

"இவரு சொல்லு," என்றாள் ஜெபகனி. "ஒரு நாளைக்குக் குடுங்கம்மா. சாயங்காலம் திருப்பித் தந்துருவோம்."

"வாடகைக்கு விடறதில்லை. உரியவர்னு நிரூபிச்சா எடுத்துக்கலாம்."

"எப்படி நிரூபிக்கணும்?"

"கொடுக்கறதுக்கு முன்னாடி அவர் அந்தச் சொல்லை யார்கிட்டயாவது சொல்லியிருக்கணும். சாட்சி வேணும்."

ஜெபகனி என்னைப் பார்த்தாள். பிறகு எழுத்தரைப் பார்த்தாள்.

"என்கிட்டத்தான் சொன்னாரு. ஆலம்பாறை ஜங்ஷன்ல கூட்டம். நான் எந்திரிச்சுக் கேட்டேன், தீவு ரப்பர உள்ள விட விடுவியளான்னு. மைக்ல சொன்னாரு. எம் மூத்தவ இந்தப் போன்ல பிடிச்சு வச்சிருக்கா."

அவள் சொன்னது உண்மை. அந்த மாலை எனக்கு நன்றாக நினைவிருந்தது. கேள்வி கேட்டபோது அவள் விரல்களில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. எனக்கு உடனே பதில் வந்தது. யோசித்துச் சொன்ன பதிலாக இருந்தால் இவ்வளவு வலித்திருக்குமா என்று தோன்றியது.

எழுத்தர் கைப்பேசியை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். கண்களை மூடிக்கொண்டு இன்னொரு முறை கேட்டார். பிறகு மேசையில் வைத்து எங்களுக்கும் போட்டுக் காட்டினார். ஜெபகனியின் குரல் தெளிவாக இருந்தது. விடுவியளா, அண்ணே. பிறகு என் குரல், அம்மா என்று தொடங்கியது. அதற்குப் பிறகு கைத்தட்டல். நெடிய, நல்ல கைத்தட்டல். அது ஓய்ந்தபோது நான் நன்றி, வணக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கைத்தட்டல்தான் கேட்குது," என்றார் எழுத்தர்.

"அதுக்கு அடியில இருக்கு."

"இருக்கலாம். கைத்தட்டல் யார் ஏற்பாடு?"

என்னிடம்தான் கேட்டார். சங்கத்தின் ஏற்பாடு என்றேன்.

"அப்போ அதுவும் சங்கத்தோட சொத்து. அதைத் தூக்கிட்டு அடியில பார்க்க எனக்கு அதிகாரம் இல்லை."

ஜெபகனி பையிலிருந்து ரப்பர் ஷீட்டை எடுத்து மேசைமேல் விரித்தாள். வெளிச்சத்தில் அது தேன் நிறமாக இருந்தது. எழுத்தர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா இருக்கு," என்றார். "ஆனா இது சாட்சி இல்லை. ரப்பர்."

ஜெபகனி ஷீட்டைத் திரும்பச் சுருட்டினாள். எழுத்தர் நாற்காலியை விட்டு எழுந்தார். ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு பொட்டலத்தை எடுத்துவந்தார்.

"இது யாரும் உரிமை கோராதது. 'ஏன்'. ரொம்ப வருஷமாக் கிடக்குது. வேணும்னா எடுத்துட்டுப் போங்க. கையெழுத்துக்கூட வேண்டாம்."

எடுத்துக்கொண்டேன். கனமாக இருந்தது.

அவைக்குள் போகும்முன் ஜெபகனி என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அது பத்துமா அண்ணே?"

"ஆம்," என்றேன்.

அவள் பார்வையாளர் மாடத்துக்குப் படியேறிப் போனாள்.

அவையில் என் பக்கத்து இருக்கை உறுப்பினர் நான்கு முறை வென்றவர். சென்ற கூட்டத்தொடரில் அவர் மேசையாகிவிட்டார். அமைச்சர்கள் பேசும்போது மற்ற உறுப்பினர்கள் அவரைத் தட்டி வரவேற்பார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். அன்று காலை அவர்மேல் யாரோ தண்ணீர் டம்ளரை வைத்திருந்தார்கள். நான் அதை எடுத்துக் கீழே வைத்துத் துடைத்துவிட்டேன்.

சட்டத்தின் பிரதிகளைக் கொடுத்தார்கள். நானூறு பக்கம். புரட்டினேன். எல்லாப் பக்கமும் வெறுமையாக இருந்தது. அவைச் செயலரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வரி எல்லாம் நீக்கியாச்சு," என்றார். "ஒப்பந்தத்தின் நோக்கமே அதுதானே."

ரப்பர் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று கேட்டேன். அவர் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து ஓர் இடத்தில் விரல் வைத்தார். வெள்ளைத் தாள். விரலை எடுத்தபோது அங்கே அவருடைய ரேகை மட்டும் இருந்தது.

மாடத்தைப் பார்த்தேன். சிற்சபேசன் ஜெபகனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவளுக்குச் சுக்கு மிட்டாய் கொடுத்தார். அவர்கள் பேசிக்கொண்டதைப் பிறகு அவளே சொன்னாள். எங்க ரப்பர் உங்களுக்கு ஆகாதா என்று இவள் கேட்டிருக்கிறாள். "ரொம்ப நல்ல ரப்பர்மா. அதனாலதான் விலையும் கூட," என்றாராம். எங்க அண்ணனை எதிர்த்து நின்னவர் ஜெயிச்சிருந்தா என்று கேட்டிருக்கிறாள். "அவர்கிட்டயும் ஒண்ணு வாங்கி வச்சிருக்கோம். நாங்க பாரபட்சம் பார்க்கறதில்லை," என்றாராம். அவர் பொய் பேசாத மனிதர் என்று ஜெபகனி சொன்னாள். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

அவைத் தலைவர் எழுந்தார்.

"ஆம் என்போர்?"

அவை முழுதும் ஆம் என்றது. நான் உதட்டைப் பற்களால் கவ்விக்கொண்டேன். மூக்கு வழியாக என் ஆம் வெளியே போனது. செயலர் அதையும் குறித்துக்கொண்டார்.

"இல்லை என்போர்?"

அமைதி. மின்விசிறிச் சத்தம். நான் எழுந்து நின்றேன். பொட்டலத்தைப் பிரித்தேன்.

"ஏன்," என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணில் ஏதோ அசைந்தது. அவைத் தலைவர் விதிப் புத்தகத்தை எடுத்து நிதானமாகப் புரட்டினார்.

"அது கேள்வி நேரத்துக்கு உரியது. கேள்வி நேரம் முடிந்தது. உறுப்பினர் அமரலாம்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அப்போது மாடத்திலிருந்து கேட்டது.

"இல்லை."

ஜெபகனி கத்தியதாக மறுநாள் அவைக்குறிப்பில் எழுதினார்கள். அது தவறு. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கடையில் மீதிச் சில்லறை சரியாக வராதபோது சொல்வதுபோல. அந்தச் சொல்லை முழுதாக, ஒரு பதிலாக, ஒருவர் வாயிலிருந்து, அந்தக் கூடத்தில் கேட்டு எத்தனை காலமாயிற்றோ. பக்கத்து இருக்கை மேசை லேசாக விம்மியது. நான் அதன்மேல் கை வைத்தேன்.

"மாடத்தின் சொல் மாடத்துக்கே," என்றார் அவைத் தலைவர். "சட்டம் நிறைவேறியது."

மேசையைத் தட்டினார்கள்.

வெளியே நடைவழி இன்னும் நீண்டிருந்தது. வெள்ளையடிக்க ஆட்கள் வாளியோடு நின்றார்கள். வாசலுக்கு வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. காவலர் பதிவேட்டைத் திறந்தார். குடை சரி. கைப்பேசி சரி. ஷீட் சரி.

"மாடத்துல ஒரு சொல்லு பயன்படுத்தியிருக்கீங்க. அது பட்டியல்ல இல்லை."

"வரும்போதே சொன்னேன்லா," என்றாள் ஜெபகனி. "வேற ஏதும் உண்டான்னு கேட்டிய. இல்லன்னு சொன்னேன்."

"அது பதில். நான் பொருளைக் கேட்டேன்." அவர் ஒரு ரசீதுப் புத்தகத்தை நீட்டினார். "காப்பறையில ஒப்படைச்சிட்டுப் போகலாம். கையெழுத்துப் போட்டா போதும். போடலைன்னா வெளிய விட எனக்கு உத்தரவு இல்லை."

போட்டுவிட்டு வா என்று நான் சொன்னேன். அதை மறைப்பதால் இப்போது லாபம் ஒன்றும் வரப்போவதாகத் தோன்றாததால் எழுதுகிறேன். நான்தான் சொன்னேன். கையெழுத்துப் போடு ஜெபகனி, ரயிலுக்கு நேரமாகிறது, பழகிவிடும் என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இனிமே எங்க வீட்டுக்கு யாரெல்லாம் வருவாங்கன்னு உங்களுக்குத் தெரியும். தோட்டத்தக் குடுத்துருன்னு வருவான். மரத்த வெட்டிக்கிறேன்னு வருவான். மூத்தவ பெனிலாவ ஒருத்தன் அவன் பையனுக்குக் கேட்டு வருவான், அந்தப் பையனுக்கு வயசு நாப்பது. எங்க வீட்டுக்காரரு வாய் பேச மாட்டாரு. நான்தான் வாசல்ல நின்னு சொல்லணும். இதயும் குடுத்துட்டுப் போனா அங்க நின்னு என்ன சொல்ல?"

எனக்குப் பதில் இருந்தது. ஆம் என்பதுதான் அது. வாயை மூடிக்கொண்டேன்.

"போட மாட்டேன்," என்றாள் காவலரிடம்.

அவர் அதையும் குறித்துக்கொண்டார். கடுமையாக எதுவும் சொல்லாமல், நடைவழியைக் கை காட்டினார். பூண்டு ஒப்பந்தத்தின் கீழே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து அவள் பையை வாங்கிக்கொண்டார். வட்டக்கழுத்துச் சட்டை, மலைக்காட்டுப் பேச்சு.

"வாம்மா. சுண்ணாம்பு காயறவரைக்கும் எங்க பெஞ்சுல இரு. அதுக்கப்புறம் உங்களுக்குன்னு பலகை மாட்டுவாங்க."

"நீங்க எத்தன நாளா இருக்கிய?"

"பதினோரு வருஷம். சாப்பாடு வருது. ஒப்படைச்சிட்டா உடனே விட்டுருவாங்க, அதுல குறை சொல்ல முடியாது."

"ஒப்படைக்கலயா?"

"இல்லை," என்றார் பெரியவர். சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்தது.

ஜெபகனி பெஞ்சில் உட்கார்ந்தாள். குடையை மடியில் வைத்துக்கொண்டாள். என்னிடம் ஒரு தாள் கேட்டாள். சட்டத்தின் பிரதியிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன். பேனா வாங்கி இரண்டு வரி எழுதி மடித்தாள்.

"இத அவர்கிட்ட குடுங்க. வாயாலயும் சொல்லிருங்க."

"ஆம்," என்றேன்.

வாசலில் காவலர் தாளை வாங்கிப் படித்தார். முதல் வரியில் வெளியே போகக்கூடாத சொல் இருப்பதாகச் சொன்னார். அடிக்கோல் வைத்து நேராகக் கிழித்து அந்தப் பாதியைப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டார். மீதியை மரியாதையாக என்னிடம் கொடுத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். நடைவழி அதற்குள் இன்னும் நீண்டிருந்தது. அவள் குடை மட்டும் ஒரு கறுப்புக் கோடுபோலத் தெரிந்தது.

மறுநாள் முற்பகல் ஆலம்பாறை போய்ச் சேர்ந்தேன். தாசையன் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் புகைப்புரைக்கு முன்னால் ஒரு முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து ஷீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். முழங்காலில் துணிக்கட்டு. சின்னப் பெண் அவர் தோளில் சாய்ந்திருந்தாள். மூத்தவள் பெனிலா பால் பிடிக்கும் சிரட்டைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தாசையன் எழ முயன்றார். உட்காரச் சொன்னேன்.

"அவ எங்க?" என்றார்.

"நடைவழியில் இருக்கிறாள்."

"வழியிலயா? ஜங்ஷன்ல நிக்காளா?"

நான் அந்தச் சொல்லைத் தேடினேன். நாக்கு மேலண்ணம்வரை போய் நின்றது. அங்கே வழவழப்பாக, சுத்தமாக இருந்தது.

"ஆம்," என்றேன்.

"சாமான் கூடுதலா வாங்கிட்டாளோ?"

"ஆம்."

தாளைக் கொடுத்தேன். அவர் அதை விரித்துத் தூரத்தில் பிடித்துப் படித்தார். சின்னவளுக்குத் தலை வாரி விடுங்க.

"இத எழுதிக் குடுத்து விட்டிருக்கா பாருங்க," என்று சிரித்தார். "வந்து அவளே வாரலாம்லா." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அண்ணே, காரியம் நடந்துச்சா? எதிர்த்துப் போட்டியளா?"

பெனிலா சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"ஆம்," என்றேன்.

தாசையன் கண்ணை மூடினார். அடுக்கிவைத்த ஷீட்டுகளின்மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு கம்பை எடுத்து ஊன்றி எழுந்தார். நான் எழுந்து அவர் தோளைப் பிடித்தேன்.

"நீங்க இருங்கண்ணே, களைச்சுப்போயி வந்திருக்கிய. நான் போய்ச் சாமானத் தூக்கிட்டு அவளக் கூட்டிட்டு வாறேன்."

"ஆம்," என்றேன். தோளை விட்டேன்.

அவர் சரிவில் இறங்கினார். ஒரு கால் வைத்து, கம்பு வைத்து, மற்றக் காலை இழுத்து. சின்னவள் முன்னால் ஓடி ஓடி அவருக்காக நின்றாள். மேட்டிலிருந்து ஜங்ஷன் முழுதாகத் தெரியும். பஸ் ஒன்று வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கடைசியாக இறங்கிய பெண்ணிடம் ஏதோ கேட்டார். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். பஸ்ஸும் போனது.

அவர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். சின்னவளை முன்னால் நிற்க வைத்து, அடுத்த பஸ் வருவதற்குள் விரல்களாலேயே அவள் தலையை வாரத் தொடங்கினார்.